மேற்கு மாம்பலத்தில் விழாத படங்கள்

சென்னைத் துறைமுகத்தில் என்னை முதலில் வரவேற்றவர் ஒரு சுங்க அதிகாரி. பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்த கேமராவை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் பெயரையும் எண்ணையும் என் பாஸ்போர்ட்டில் எழுதினார். ஊர் திரும்பும்போது இதைக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று எச்சரித்தார். என்னைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் இருந்தாலும் போனாலும் சர்க்காருக்கு ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன்.

இது எழுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில். மலேசியாவில் ஈப்போ என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். மயிலாப்பூரிலிருந்து வெளிவரும் ஒரு வாரப் பத்திரிகை என்னை ஒரு வருஷத்துக்கு வரவழைத்திருந்தது. வருஷ முடிவில் ஆசிரியருக்குத் திருப்தி என்றால் தொடரலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மின்சார ரயில் கிடைக்கும், ஏறி மாம்பலத்தில் இறங்கு என்று எழுதியிருந்தார்கள். கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சுற்றிலும் பெண்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதராஸ் மக்கள் பண்பானவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பார்க் ஸ்டேஷனில் மீன்கூடையோடு ஏறிய அம்மாள்தான், "இன்னாபா, பொம்பளைங்க பொட்டில குந்திகினு காத்து வாங்கறியா?" என்று கேட்டாள். இறங்கி வேறு பெட்டிக்கு ஓடுவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த வண்டியில் ஆண்களோடு தொங்கிக்கொண்டு வந்தேன்.

மாம்பலத்தில் சைக்கிள் ரிக்சா பிடித்தேன். மலேயாவில் ரிக்சா உண்டா என்று ஓட்டுகிறவர் விசாரித்தார். பினாங்கில் உண்டு, ஆனால் அங்கே சவாரி முன்னால் உட்காரும், ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிப்பார் என்றேன். கொஞ்ச தூரம் யோசனையோடு மிதித்தார். "அப்போ எங்கனா மோதிச்சுன்னா மொதல்ல சவாரிதான் பூடுவான். நல்ல ஊரு சார்" என்றார். அதற்குள் செயின் கழன்றது. மாட்டினார், மறுபடி கழன்றது. கடைசியில் அவர் முன்னால் பிடித்து இழுக்க, நான் பின்னால் தள்ள, என் பெட்டி மட்டும் சவாரி செய்து மேற்கு மாம்பலம் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்காரரைத் தெருவே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். திருநெல்வேலிப் பக்கம். ரங்கநாதன் தெருவில் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருந்தார். எங்கள் ஆசிரியரும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள். அந்தப் பழக்கத்தில் மாடி அறையையும் வீட்டுச் சாப்பாட்டையும் எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். வீட்டில் அவர் மனைவி செல்லக்கனி அக்காவும் ஒரே மகள் பொன்மணியும். பொன்மணி பி.யூ.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்தவன், எங்கள் ஊர் வழக்கப்படி அக்காவைப் பார்த்துப் பசியாறியாச்சா என்று கேட்டேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை நாங்கள் அப்படித்தான் கேட்போம். அக்காவின் முகம் மாறிவிட்டது. எனக்குத்தான் பசி ஆறவில்லை போலும், அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். மேலும் நான்கு இட்லி வந்தன. அன்றிலிருந்து என் தட்டை அவர் நம்புவதே இல்லை. ஒரு வருஷத்தில் நான் கொண்டுவந்த கால்சட்டைகள் ஒன்றும் எனக்கு உபயோகப்படவில்லை.

ஈப்போவில் சாயங்காலமானால் மழை வரும். மேற்கு மாம்பலத்தில் விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் வரும். இரண்டுக்கும் ஜனங்கள் ஒரே மாதிரிதான் ஓடுகிறார்கள். அங்கே ஒதுங்க ஓடுவார்கள், இங்கே குடத்தோடு ஓடுகிறார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் படகுகளைப் படமெடுக்கப் போனேன். திரும்பும்போது நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் விட்டு வடித்த சோற்றுக்கு நெத்திலிச் சம்பல் வைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி விற்பார்கள். அது இல்லாமல் எனக்கு ஒரு வாரம் ஓடியதே பெரிது. அடையாறில் பஸ் ஏறியதும் பொட்டலம் பேச ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் ஒவ்வொரு வரிசையாக முகர்ந்துகொண்டே வந்து என்னிடம் நின்றார். பொட்டலத்தை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வருவதாக ஒப்பந்தமாயிற்று. சைதாப்பேட்டை வரை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி வந்தேன். சாலையில் வந்த பூனைகளைத் தவிர யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

வீட்டில் அக்காவிடம் செய்முறையை விளக்கினேன். மலேயாவிலேயே பெயர் பெற்ற பண்டம் என்றேன். அவர் கவனமாகக் கேட்டு, சொன்னபடி வதக்கி, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எங்க ஊர் கருவாட்டுத் தொக்குதானே என்றார். தேங்காய்ப்பால் சோறும் அவர்கள் ஊரில் உண்டாம். என் நாட்டின் பெருமையை அத்தோடு மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். சம்பல் ஈப்போவில் கிடைப்பதைவிட நன்றாக இருந்தது.

வேலைக்கு வருகிறேன். எங்கள் அலுவலகம் லஸ் முனையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் இருந்தது. அங்கே எனக்கு மூத்த புகைப்படக்காரர் கோவிந்தண்ணன். முதல் வாரம் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு என்னை அனுப்பினார்கள். ஈப்போவில் செய்கிற மாதிரி ஒரு முழு ரோலை எடுத்துத் தீர்த்துக்கொண்டு வந்தேன். கோவிந்தண்ணன் என் கையிலிருந்த ரோலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா நைனா, உன் தங்கச்சி கல்யாணமா அது? ஃபிலிமு இன்னா தண்ணியா, கொயாய்ல வர்றதுக்கு?" என்றார்.

ஃபிலிம் வெளிநாட்டுச் சரக்கு. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பெரிய சுருளை இருட்டறையில் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு திறப்பு விழா, ஒரு மாநாடு, ஒரு தீவிபத்து எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஆனால் விழாக்களில் பத்திரிகைக்காரரைக் கண்டால் எல்லாரும் நிற்பார்கள். மாலை போட்டவர், மாலை வாங்கி வந்தவர், மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டவர் எல்லாருக்கும் படம் வேண்டும். எடுக்காவிட்டால் மனஸ்தாபம்.

இதற்குக் கோவிந்தண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஃபிளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று அடிக்கும், கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். கோவிந்தண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்து, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, தலையை நிமிர்த்துங்க என்றெல்லாம் சொல்லிப் பொத்தானை அமுக்குவார். எல்லாரும் திருப்தியாகக் கலைந்துபோவார்கள். அலுவலகத்தில் இதற்குப் பெயர் தீபாராதனை. சென்னைப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை என்று அவர் எனக்கு உறுதி சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் நினைக்கத் தோன்றாதுதான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். அண்ணாச்சி புரையேறும்வரை சிரித்தார். அக்கா, பாவம் அந்த ஜனங்க என்றார். பொன்மணி மட்டும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள்.

இப்படியே மாதங்கள் ஓடின. கபாலி கோயில் தேர், அடையாற்று முகத்துவாரம், பாண்டி பஜார் தீபாவளிக் கூட்டம் என்று நான் எடுத்த படங்கள் வெளிவந்தன. மழைக்காலம் முடிந்த சமயத்தில் பினாங்கிலிருந்து அண்ணாச்சியின் மூத்த சகோதரி எழுதியிருந்தார். தன் மகனுக்குப் பொன்மணியை முடித்துவிடலாம், பெண்ணின் படம் ஒன்றை அனுப்பு, வந்ததும் தேதி குறித்துவிடலாம் என்று. அத்தை மகன் முறைமாப்பிள்ளை. முறை உள்ளவர்கள் முதலில் கேட்டால் கொடுக்க வேண்டும். அதுவும் மூத்த சகோதரி, இளம் வயதில் அண்ணாச்சியைத் தூக்கி வளர்த்தவர். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் உறவு அத்தோடு முறிந்துவிடும்.

அண்ணாச்சி மாடிக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை ராகு காலத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். வீட்டிலேயே பத்திரிகைக்காரரை வைத்துக்கொண்டு வெளியே எங்கே போவது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை மாதம் சாப்பிட்ட சோற்றுக்கு ஏதாவது செய்ய முடிகிறதே என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். சொந்தக் கையிருப்பிலிருந்து நல்ல ஃபிலிமாக எடுத்துவைத்தேன்.

வியாழக்கிழமை காலை குழாயடியில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொன்மணி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு அந்தத் தீபாராதனையைக் காட்டிருங்க."

நான் பற்பொடியைத் துப்பினேன். டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வாகியிருப்பதாகச் சொன்னாள். ஆர்டர் எந்த வாரமும் வரலாம். அதற்கு முன்னால் படம் பினாங்குக்குப் போய்விட்டால் தேதி வந்துவிடும். தேதி வந்துவிட்டால் அப்புறம் அவள் கப்பல் ஏறுவதை யாராலும் நிறுத்த முடியாது.

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பார்த்ததே இல்லை, பிடிக்காமல் எப்படி இருக்கும் என்றாள். பினாங்கு நல்ல ஊர், கடல் இருக்கிறது, தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்போ நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"வேலைக்கு."

"நானும் அதத்தான் சொல்றேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வீட்டில் நான் விருந்தாளி. அண்ணாச்சி என்னை நம்பித்தான் கேட்டார். பெண்ணும் தகப்பனும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், இடையில் ஃபிளாஷுக்கு என்ன வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்: ஒழுங்காகப் படம் எடுப்பது.

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. மயில்கழுத்து நிறமா அரக்கா என்று அக்கா இரண்டு பட்டுப் புடவைகளை வைத்துக்கொண்டு தவித்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் வரும் என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரக்கு என்று முடிவாயிற்று. அண்ணாச்சி கடைக்குப் போகாமல் கதவோரம் நின்றார். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

பொன்மணி நேராக லென்ஸைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை, ரிசல்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தாள். போன வருஷம் இதே மாதிரி நான் என் அப்பாவின் எதிரில் நின்றேன். வேலைக்குப் போகிறேன் என்றேன், அவர் போய்வா என்றார். எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவளுக்கும் அவ்வளவுதான் தேவை. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லிவிட்டு, ஃபிளாஷின் முதுகில் இருந்த பொத்தானை அமுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம் படம் விழவில்லை என்றேன். ஃபிலிம் பழசு என்று காரணம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் படம் விழவில்லை. பாட்டரியின் மேல் பழியைப் போட்டேன். அதற்கடுத்த தடவை பெண் அசைந்துவிட்டாள் என்றேன். பொன்மணி சிலை மாதிரி உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அதற்குள் செய்தி தெருவெங்கும் பரவிவிட்டது. பரப்பியவர் அண்ணாச்சியேதான். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கே.கே. நகரில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருந்த அவருடைய பங்காளி ஒருவர், பினாங்கு அத்தைக்கு இங்கே நடப்பதையெல்லாம் எழுதுகிறவர், ஒருநாள் வந்திருந்தார். அண்ணாச்சி என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "மலேயாவில இருந்து வந்த தம்பிதான். பத்திரிகையில வேலை. என்ன செய்ய, நம்ம வீட்டுப் படம் மட்டும் விழ மாட்டேங்கு" என்று சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனை இஸ்திரிக்காரர் தன் மச்சான் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலாம் என்றிருந்தாராம். பரவாயில்லை சார், உடம்பைப் பார்த்துக்கோங்க என்றார். அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

ஆசிரியரின் மனைவி அண்ணாச்சி கடையில்தான் ஜாக்கெட் துணி எடுப்பார். ஆகவே ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் வருஷம் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்து மூன்று தடவை எடுத்தும் படம் வரவில்லை என்று கேள்விப்பட்டேன், உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். தேரை எடுத்த ஆள்தானே நீ என்றார். ஆமாம் என்றேன். அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த மாதம் பேசலாம், போ என்றார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் வேலை நிலைக்கும், பொன்மணியின் வேலை போகும். சொல்லாவிட்டால் நேர்மாறு. ஆர்டரும் வந்தபாடில்லை.

அப்போதுதான் கோவிந்தண்ணன் எனக்கு உதவி செய்ய முன்வந்தார். "நம்ம ஆபீசு மானம் போய்க்கினு கீது நைனா. நானே வந்து ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றார். வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் மாம்பலத்தில் வந்து இறங்கினார். சொந்த விஷயத்துக்கு ஃபிலிமைத் தொடவே தொடாத மனிதர், எனக்காக ஒரு படம் எடுத்தார். ஒன்றே ஒன்று. பொன்மணி கோபத்தோடு அவரைப் பார்த்தாள். அந்தக் கோபமே படத்துக்கு அழகாகிவிட்டது.

கழுவிப் பிரிண்ட் போட என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். இருட்டறையில் காகிதத்தில் அவள் முகம் மெதுவாக வந்தது. கண், புருவத்தின் மேலிருந்த சின்னத் தழும்பு, புடவைக் கரை எல்லாம் துல்லியம். விளக்கைப் போட்டால் போதும், எல்லாம் கறுத்துவிடும். கை ஸ்விட்சின் மேல்தான் இருந்தது. நான் அதுவரை ஒரு படத்தையும் கெடுத்ததில்லை, எடுக்காமல்தான் இருந்தேன். இது இன்னொருவர் எனக்காக எடுத்தது. என்னால் முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் முதலில் பொன்மணியிடம் காட்டினேன். மாடிப்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கேன், அப்பாகிட்ட குடுத்துருங்கண்ணே என்று திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ரங்கநாதன் தெருவுக்கு நடந்தேன். கடையில் அண்ணாச்சி ஒரு அம்மாளுக்கு ஜாக்கெட் துணி அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் போகும்வரை வாசலில் நின்றேன். எதிர்வரிசையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. மாலையும் கழுத்துமாக மணமக்கள், கன்னத்தில் கை வைத்த குழந்தைகள் என்று கண்ணாடிப் பெட்டி நிறையப் படங்கள். அவர் கல்லாவில் உட்கார்ந்தால் கண்ணெதிரே தெரிவது அதுதான். எத்தனையோ தடவை இந்தக் கடைக்கு வந்திருக்கிறேன், அதை நான் கவனித்ததே இல்லை.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். முதலில் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். மகளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வெளிச்சத்துக்காக வாசலுக்கு வந்து இன்னொரு முறை பார்த்தார்.

"இதுவும் விழலியே தம்பி" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். பொன்மணி தழும்பும் புருவமுமாக எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"விழலை அண்ணாச்சி" என்றேன்.

"நானும் எத்தனை வெள்ளிக்கிழமைதான் பாக்க? பினாங்கு அக்காவுக்கு எழுதிப் போட்டுருதேன். நம்ம கையில என்ன இருக்கு." படத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். "நீங்க போயி முகத்தக் கழுவிட்டுச் சாப்பிடுங்க. ஒரு வாரமா சரியாச் சாப்பிடலன்னு உங்க அக்கா வருத்தப்படுதா."

அடுத்து வந்தவருக்குத் துணியை உதறிப் போட்டார். நான் பாண்டி பஜாரைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். அவ்வளவு நாளும் அவரை ஏமாற்றுகிறோமே என்று நான் தவித்திருக்கிறேன். அவரோ தன் சகோதரியிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில், என்னைத்தான் மாட்டேன் என்று சொல்ல வைத்திருக்கிறார். நடுவீதியில் சிரிப்பு வந்தது. அவர்மேல் அப்போது எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் அப்பாவின் மேல்கூட அப்படி வந்ததில்லை.

ஆர்டர் வந்தது. முதல் நாள் அண்ணாச்சியே மின்சார ரயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்தார். பினாங்கு அத்தை, அந்தப் பெண்ணுக்கு இந்த இடம் பிராப்தம் இல்லை போலிருக்கிறது என்று எழுதிவிட்டு, அங்கேயே தைப்பிங் என்ற ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்தார். அண்ணாச்சி கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை அனுப்பினார். உறவில் ஒரு கீறல் இல்லை. வீட்டில் இதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ஆசிரியர் அடுத்த மாதம் கூப்பிட்டார். அண்ணாச்சி நேரில் வந்து போனாராம். பையன்மேல் குற்றம் இல்லை, எங்கள் கூடத்தில் வெளிச்சம் சரியில்லை, அதைச் சொல்லாமல் அவன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று சொன்னாராம். மாம்பலத்தில் அப்படி என்ன இருட்டு என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார். கொஞ்சம் இருட்டுதான் சார் என்றேன். இன்னொரு வருஷம் இரு என்றார். கோவிந்தண்ணனுக்கு மட்டும் வருத்தம். தன் படமே விழவில்லை என்று கேள்விப்பட்டதும் அவர் அந்த ஃபிளாஷை மாற்றிவிட்டார்.

வேலை நீண்டதை அப்பாவிடம் சொல்லத் தந்தி ஆபீஸில் ஈப்போவுக்கு டிரங்க் கால் போட்டேன். காலையில் பதிவு செய்து, பிற்பகல்வரை பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியில் கூண்டுக்குள் கூப்பிட்டார்கள். அப்பாவைப் பக்கத்துச் சீனர் கடையில் போனுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். மழை பெய்கிறதா என்று கேட்டேன். பெய்கிறது என்றார். இன்னொரு வருஷம் இங்கேதான் என்றேன். "சாப்பாடு ஒழுங்கா கிடைக்குதா?" என்றார். ரொம்ப என்றேன். "அப்படி என்னதான்யா இருக்கு அந்த ஊர்ல?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மூணு நிமிஷம் முடிஞ்சது சார்" என்றது ஒரு பெண் குரல்.

"பொன்மணி, நான்தான்" என்றேன்.

"தெரியும்ணே. ரூல்" என்று லைனைத் துண்டித்தாள்.

அறைக்கு வந்ததும் அப்பாவின் கேள்விக்கு எழுதியே பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத இவ்வளவு நீண்டுவிட்டது.